கப்பலை முங்கடிக்கப் போன வெள்ளரி

வெள்ளரிப் பிஞ்சின் தோலில் பூனை நாக்கு மாதிரி ஒரு சொரசொரப்பு உண்டு. விடிகாலையில், பனி இன்னும் இலையை விட்டு இறங்காத நேரத்தில், கொடிக்குள் கையை விட்டுத் துழாவினால் அந்தச் சொரசொரப்பு முதலில் விரல் நுனியில் ஏறும், வீட்டுக்கு வருவதற்குள் மணிக்கட்டுக்கு வரும், பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பீரியடு தொடங்கும்போது முழங்கை வரைக்கும் அரிப்பாகப் பரவியிருக்கும். அந்த அரிப்போடு கணக்கு வாத்தியார் முன்னால் நெளிந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் ஒரு விஷயத்தை மனதார நம்பினேன். எங்கள் வயலில் ஒரே ஒரு காய் கொஞ்சம் தடித்துப்போய், அது தெரியாத்தனமாகச் சாக்குக்குள் விழுந்து, சாக்கிலிருந்து கப்பலுக்குப் போய்விட்டால், நடுக்கடலில் அது வளர்ந்து வளர்ந்து கப்பலையே முங்கடித்துவிடும் என்று நம்பினேன். மாலுமிகள் தண்ணீரில் தத்தளிப்பதையும், பனைமரம் மாதிரி ஒரு வெள்ளரிக்காய் அவர்களுக்கு நடுவே மிதப்பதையும் கண்ணால் பார்த்ததுபோலப் பார்த்தேன்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் என் நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியில் டிரைவர். வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் பாதி நேரம் தூங்குவார், மீதி நேரம் வாழைத்தாரைப் பற்றிப் பேசுவார். "ஏத்துறப்ப காய், எறக்குறப்ப பழம்" என்பது அவர் தொழிலின் மொத்தச் சாரம். கம்பம் தாண்டி மலையேறி இறங்குவதற்குள்ளேயே ஒரு வாழைக்காய் பழமாகிறது என்றால், மாதக்கணக்கில் கடலில் போகிற வெள்ளரிக்காய் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கும் சரியாக வராத எனக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் பயங்கரத் தெளிவாக வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சாணார்பட்டிக்குக் கிழக்கே இருந்த எங்கள் ஊருக்கு அந்த வெள்ளரி வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு எங்கள் பக்கத்து விவசாயத்தின் பூகோளம் எளிமையானது. பூ என்றால் திண்டுக்கல் பூ மார்க்கெட்டு, தக்காளி கத்தரி என்றால் ஒட்டன்சத்திரம், அங்கிருந்து எங்கே போகிறதென்று அப்பா மாதிரி ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. எந்தச் சந்தைக்குப் போனாலும் சட்டம் ஒன்றுதான்: காய் பெரிசாக இருக்க வேண்டும். பெரிய கத்தரிக்காய் மேலே, பொடிசு கூடைக்கு அடியில். வியாபாரியும் அதைத் தெரிந்தே வைத்திருப்பார், நாமும் அவருக்குத் தெரியும் என்று தெரிந்தே அடுக்குவோம்.

இந்தக் கம்பெனி வெள்ளரி வந்து அந்தச் சட்டத்தைக் குப்புறத் தள்ளியது. விதை அவர்களே தருவார்கள், உரம் அவர்களே தருவார்கள், ஊர் முனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு சாயங்காலம் சாயங்காலம் வேன் அனுப்பி அவர்களே எடுத்துக்கொள்வார்கள். ஆனால் காய் விரலைத் தாண்டக் கூடாது. பொடிசுக்குத்தான் நல்ல விலை, தடித்தால் விலை இறங்கும், இன்னும் தடித்தால் வேனில் ஏறவே ஏறாது. பொடிசைப் பாட்டிலில் நிற்க வைத்து ஊறப்போட்டு, கடல் தாண்டி இருப்பவர்கள் ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்பார்களாம். இதை எங்களுக்குச் சொன்னவர் கம்பெனியின் பீல்டு ஆபீசர். ஆயக்குடிப் பக்கத்துக்காரர், பைக்கில் வருவார், முளைப்பதா வேண்டாமா என்று மீசை அப்போதுதான் முடிவெடுத்துக்கொண்டிருந்த வயசு. வாய்க்கு வாய் "ங்க" போட்டுப் பேசுவதால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரைக் கண்டால் ஒரே கொண்டாட்டம். நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்று விரட்டுகிற மனிதரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இதைப் பயிர் செய்ய ஆசைப்பட்டது அம்மாதான். நிலமெல்லாம் அப்பாவின் அண்ணன், மிக்கேல் பெரியப்பா பொறுப்பில் இருந்தது. பெரியப்பா நல்ல மனுசன். ஆனால் சமைக்க ஆகாத ஒரு பொருளை அவர் காய் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். "வெஞ்சனத்துக்கு ஆகாது, விதைக்கு ஆகாது, பால் குடிக்கிற பிள்ளையப் பிடுங்குற மாதிரி பிஞ்சிலயே பிடுங்கணும். இதுக்குப் பேரு வெள்ளாமையா?" என்பார். அம்மா விடவில்லை. ஒரே ஒரு வெள்ளாமைக்கு, கிணற்றை ஒட்டிய வயலை மட்டும் தன்னிடம் விடும்படி கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. ஆகவே அந்தப் பேச்சுவார்த்தை முழுவதும், மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு, என் மூலமாகவே நடந்தது.

"கம்பெனிக்காரன் ஒத்தச் சாக்கத் திருப்பிவிட்டாலும் சரி, அடுத்த வெள்ளாமை அங்க மக்காச்சோளந்தான்னு ஒங்கம்மாட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா.

"ஒரு சாக்கும் திரும்பாது, அப்படித் திரும்பாட்டி கெணத்தடி வயலு எங்கிட்டயே இருக்கும்னு ஒங்க பெரியப்பாட்டச் சொல்லு" என்றாள் அம்மா.

நான் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பி, இரண்டையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன். ஒப்பந்தம் முடிந்தது.

அம்மா அந்த வயலைப் பார்த்துக்கொண்டதுபோல என்னைப் பார்த்துக்கொண்டதில்லை என்று இன்றைக்கும் எனக்கு ஒரு குறை உண்டு. குச்சி ஊன்றி, கயிறு கட்டி, கொடியை ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றிவிட்டாள். பிஞ்சு வந்த பிறகு காலையில் ஒரு பறிப்பு, சாயங்காலம் வேன் வருமுன் இன்னொரு பறிப்பு. அளவுக்கு அவள் வைத்திருந்தது சுண்டுவிரல். காயோடு சுண்டுவிரலை ஒட்டவைத்துப் பார்ப்பாள். விரலுக்குள் இருந்தால் கூடைக்கு, தாண்டினால் மாட்டுக்கு. அந்த வெள்ளரிக்கு இரக்கம் என்பதே கிடையாது. சாயங்காலம் "இன்னும் செத்த நேரம் இருக்கட்டும்" என்று விட்டுவைத்த பிஞ்சு மறுநாள் காலையில் தொடை தட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வீட்டு மாடுகள் தின்று தின்று அலுத்துப்போய், வெள்ளரிக் கூடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இப்படியே வாரங்கள் ஓடின. ஒரு சாக்கும் திரும்பவில்லை. பெரியப்பா தினமும் சாயங்காலம் கொட்டகைப் பக்கம் காலாற நடந்து வந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார்.

அப்போதுதான் தை மாதம் வந்தது, வனத்து அந்தோணியார் திருவிழாவும் வந்தது. எங்கள் ஊர் வேதக்கார ஊர், எல்லோரும் கிறிஸ்தவர்கள். வனத்து அந்தோணியார் ஆடுமாடுகளுக்குக் காவல். திருவிழா அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணமடித்து, கோயிலுக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவோம். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்கு ஏர் பூட்டக் கூடாது, அரிவாள் எடுக்கக் கூடாது, வயலில் கால் வைக்கக் கூடாது. யார் எப்போது வைத்த வழக்கம் என்று தெரியாது, ஆனால் அதை மீறியவன் மாடு நொண்டிப்போனதாக ஊருக்கு ஒரு கதை உண்டு, வருசத்துக்கு வருசம் அந்த மாட்டுக்குக் கால் மாறும்.

கத்தரிக்காய் ஒருநாள் பொறுக்கும், கம்பெனி வெள்ளரி பொறுக்காது. திருவிழாவுக்கு முதல்நாள் சாயங்காலம் அம்மா இருட்டும்வரை பறித்துவிட்டு வந்து, அடுப்பு முன்னால் உட்கார்ந்து தீயைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பறிக்காவிட்டால் மறுநாள் வயல் முழுவதும் தடிதடியாகத் தொங்கும், சாக்கு திரும்பும், வயல் போகும். பறித்தாலோ ஊர் பேசும், அதிலும் பெரியப்பா திருவிழாக் கமிட்டியில் இருந்தார். கேரளாவிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த அப்பா, தன் அண்ணனிடம் போய்க் கேட்பதைவிட லோடோடு கொட்டாரக்கரைக்குப் போய்விட்டு வருவது சுலபம் என்றார்.

இவர்களுக்கு வயல் கவலை. எனக்கோ உலகக் கவலை. அம்மா எப்படியாவது அந்தத் தடிக்காய்களைச் சாக்கின் நடுவில் ஒளித்து அனுப்பிவிடுவாள், கப்பல் போய்விடும் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. யாரிடமாவது சொன்னால் அம்மாவைப் பிடித்துப் போய்விடுவார்கள், சொல்லாவிட்டால் மாலுமிகள் செத்துப்போவார்கள். ஒன்பது வயதில் இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்ய ஒரே வழிதான் இருந்தது. நேராகக் கோயிலுக்கு ஓடினேன். அங்கே சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார், மறுநாள் பூசையில் வாசிக்க வேண்டிய கருத்துகளை, அதாவது வேண்டுதல்களை, கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மகனுக்கு வேலை கிடைக்க, மகளுக்குப் பிள்ளை பிறக்க, கறவை மாடு சினை பிடிக்க என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் வரிசையில் நின்று, என் முறை வந்ததும், குரலைத் தாழ்த்திச் சொன்னேன். உபதேசியாருக்குக் காது மந்தம் இல்லை, புத்தியும் மந்தம் இல்லை. ஆனால் வேலை மும்முரத்தில் இருந்தார். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "சரி, போ" என்றார். அவர் கருத்து எதையும் வடிகட்டுகிற ஆள் அல்ல.

மறுநாள் பூசையில் ஊரே கூடியிருந்தது. திண்டுக்கல்லிலிருந்து சொந்தக்காரர்கள், புதுச் சட்டை, மல்லிகைப்பூ, வெளியே வண்ணக்கொம்போடு மாடுகள், தென்னைமரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கர். உபதேசியார் தம் கனத்த குரலில் ஒவ்வொரு கருத்தாக வாசித்துக்கொண்டே வந்தார். நடுவில், அதே கனத்தோடு, "லாரி டிரைவர் சூசை மனைவி சகாயமேரியின் வெள்ளரிக்காய் ஏற்றிச் செல்லும் கப்பல் நடுக்கடலில் முங்கிப்போகாமல் இருக்கவும், அதில் உள்ளவர்கள் நல்லபடி கரை சேரவும்" என்று வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது என்னவென்று அவருக்கே உறைத்தது போல, கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

முதலில் பெண்கள் பக்கம் ஒரு "க்ளுக்" கேட்டது. பிறகு அது கோயில் முழுவதும் பரவியது. சாமியார் முகத்தைப் பீடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. அம்மா என் தொடையைப் பிடித்துத் திருகிய திருகில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆகவே யார் கொடுத்த கருத்து என்று தேட வேண்டிய வேலை யாருக்கும் இல்லாமல் போயிற்று.

பூசை முடியும் தறுவாயில் சாமியார் என்னை முன்னால் வரச்சொன்னார். "ஏப்பா கப்பல்காரரே, என்ன சங்கதி?" என்றார். மைக்கு அணையவில்லை. நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன்: இன்றைக்கு யாரும் வயலுக்குப் போக மாட்டார்கள், காயெல்லாம் தடித்துவிடும், ஒன்று தப்பிப் போனாலும் கப்பலில் வளரும், பெரியப்பா வயலில் மக்காச்சோளம் போட்டுவிடுவார். கடைசி வரிக்கு மட்டும் சிரிப்பு நின்றது. எல்லாத் தலையும் பெரியப்பா பக்கம் திரும்பியது. அவர் கமிட்டி ஆட்கள் நடுவில், தோளில் பட்டுத் துண்டோடு, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு மைக்கில் பொதுவாகக் கேட்டார்: "இன்னைக்கு ஓய்வு யாருக்கு? மாட்டுக்குத்தான?" ஆமாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். "வெள்ளரி பறிக்க மாடு வேணுமா, அரிவாள் வேணுமா?" நாலைந்து தலைகள் இல்லையென்று ஆடின. "அப்புறம் என்ன. சப்பரம் சாயங்காலந்தான். போயிப் பறிச்சிட்டு வாங்க."

இதற்குப் பிறகு நடந்ததைப் போல ஒரு அறுவடையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. பட்டுச்சேலையும் புதுப் பேண்ட்டுமாக ஊரில் பாதி எங்கள் கிணற்றடிக்கு வந்துவிட்டது. டவுனில் வாத்தியார் வேலை பார்க்கும் சித்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பேண்டு செட்டுக்காரர்களில் டிரம் அடிப்பவர் டிரம்மைக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டு இறங்கினார். கொடிகளுக்கு நடுவே மல்லிகைப்பூவும் சென்ட்டும் மணத்தன. அம்மா வரப்பில் நின்று, கோயிலில் பேசுவதைப்போலச் சத்தமாக எல்லோருக்கும் சொன்னாள்: "சுண்டுவிரல ஒட்ட வச்சுப் பாருங்க. விரலுக்கு மேல போனதச் சாக்குல போடாதீங்க." எல்லோரும் கையை மடக்கிச் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு குனிந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே வயலோடு "கா" விட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

பெரியப்பாவும் வந்தார். வந்தே ஆக வேண்டிய நிலைமை அவருக்கு. பட்டுத் துண்டைப் பம்புசெட்டு ரூம் கொக்கியில் மாட்டிவிட்டு, தம்முடைய தவிட்டுச் சாக்கையே கொண்டுவந்து, யாரோடும் சேராமல் கிணற்றோரம் மண் அணைத்துக் கொடி நட்ட பாரில் இறங்கினார். ஒவ்வொரு காயையும் விரலோடு வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, சாக்கில் போட்டார். இறங்கிய வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனுசன்.

சாயங்காலம் கொட்டகையில் ஆபீசர் காத்திருந்தார். திருவிழா அன்றைக்கும் சாக்கு வருகிறதே என்று அவருக்கு ஆச்சரியம். அளவு அளவாக ஓட்டை போட்ட பலகை ஒன்று அவரிடம் உண்டு. ஒவ்வொரு சாக்காகக் கொட்டி, கைக்கு வந்ததை ஓட்டையில் நுழைத்துப் பார்த்தார். பிள்ளைகள் பறித்ததெல்லாம் தீக்குச்சி மாதிரிப் பொடிப்பொடியாக இருந்தது, அவர் முகம் மலர்ந்துபோனது. சித்தி சாக்கு வேனுக்குப் போனது, டிரம்காரர் சாக்கும் போனது. கடைசியாகத் தவிட்டுச் சாக்கைக் கவிழ்த்தார். உருண்டு வந்தவற்றில் ஒன்றும் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை.

"ஏனுங்க, இது ஆரு பறிச்சதுங்க? பாட்டலுக்குள்ள இத வைக்க முடியாதுங்க. இதுக்குள்ள வேண்ணா பாட்டல வைக்கலாமுங்க" என்றார் ஆபீசர். சாக்கைத் தள்ளி வைத்தார்.

ஒரு சாக்கு திரும்பிவிட்டது. காலையில் கப்பலைக் காப்பாற்றியவன் சாயங்காலம் வயலைத் தொலைத்துவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது. அம்மா கீழே கிடந்த காய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா முன்னால் வந்தார். ஒரு காயை எடுத்து, தம் சுண்டுவிரலை அதோடு ஒட்டவைத்து, ஆபீசர் முகத்துக்கு நேரே நீட்டினார். "அளந்துதான தம்பி பறிச்சேன்" என்றார். காயும் விரலும் அச்சாக ஒரே தடிமன். வாழ்நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்து, மாட்டுக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை அது. அவருடைய சுண்டுவிரல் எங்கள் வீட்டில் மற்றவர்களின் கட்டைவிரல். ஆபீசர் விரலைப் பார்த்தார், காயைப் பார்த்தார், தம் சுண்டுவிரலை எடுத்து நடுவில் வைத்துப் பார்த்தார். அம்மாதான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு பெரியப்பாவின் மீசை ஓரம் ஆடியது. அதற்குள் கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது, சப்பரம் கிளம்பிவிட்டது என்று எல்லோரும் ஓடினார்கள். தவிட்டுச் சாக்கில் இருந்ததை, அன்றைக்குத் தீர்த்தம் வாங்கிய மரியாதைக்காகவோ என்னவோ, எங்கள் மாடுகள் முகம் திருப்பாமல் தின்றன.

ஆபீசர் மட்டும் பைக்கை எடுக்கும் முன் என்னைக் கூப்பிட்டு, காயைப் புளித்தண்ணீர் மாதிரி ஒன்றில் ஊறப்போட்டுத்தான் பீப்பாயில் அடைப்பார்கள், அதில் அது வளராது, செத்துப்போய்விடும் என்று விளக்கினார். "பயப்படாதீங்க தம்பி" என்றார். செத்ததையா தின்கிறார்கள் என்று அடுத்த ஒரு வாரம் அதற்காகப் பயந்தேன்.

இப்போது அந்தக் கம்பெனி எங்கள் பக்கம் இல்லை. கிணறுகள் கீழே இறங்க இறங்க, தண்ணீர் இருக்கிற வேறு ஊர்களைத் தேடி வேன் போய்விட்டது. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் பைக் பஞ்சர் கடை இருக்கிறது. சாமியார் மாறி மாறி, அன்றைய தீர்ப்பு எந்தச் சாமியார் சொன்னது என்பதில் ஊரில் இரண்டு கட்சி. ஆபீசர் பிறகு ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு போட்டதாகக் கேள்வி. போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு பெரிய கடையில், கண்ணாடிப் பாட்டிலுக்குள் வரிசையாக நிற்கும் அந்தப் பிஞ்சை முதன்முதலாக வாங்கிச் சாப்பிட்டேன். ஒரே உப்பு, ஒரே புளிப்பு. இதற்காகவா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன், பில் போடும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

இந்தக் கதையைக் கேட்பவர்கள் எல்லோரும், ஒரு சாக்கு திரும்பியதே, வயல் என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள். திரும்பிய சாக்கைப் பற்றிப் பெரியப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மாசி மாதம் வாடகை டிராக்டரைக் கொண்டுவந்து கிணற்றடி வயலை அவரே முன்னின்று உழவைத்தார். உழுது முடித்ததும், வெள்ளரிக்குப் பார் எத்தனை அகலம் விட வேண்டும் என்று அம்மாவிடம் என்னைக் கேட்டுவரச் சொன்னார்.

அம்மா சொன்ன அகலத்துக்கே பார் பிடித்தார்கள். அங்கே மக்காச்சோளம் போடவே இல்லை.